சாலைசாரா ஊர்தியில் டயர் தேர்வும் பயணச் சொகுசும்

சாலைசாரா ஊர்தி என்பது தார்ச்சாலை மட்டுமன்றி மண், மணல், சேறு, பாறை ஆகிய தடங்களிலும் செல்லும்படி வடிவமைக்கப்பட்ட ஊர்தி ஆகும். ஜீப், மகிந்திரா தார், போர்ஸ் கூர்க்கா, மாருதி சுசுக்கி ஜிம்னி முதலியன இந்தியாவில் அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். இவ்வூர்திகளில் பயணிப்போர் உணரும் குலுக்கலும் இரைச்சலும் பொருத்தப்பட்ட டயரைப் பொறுத்துப் பெரிதும் மாறுபடுகின்றன. டயரின் பக்கச்சுவர் உயரம், உள்கட்டமைப்பு, மேற்பரப்பு வடிவம், எடை, காற்றழுத்தம் ஆகிய ஐந்தும் இதில் முதன்மையானவை. இவற்றுள் காற்றழுத்தம் ஒன்றையே செலவின்றி மாற்ற இயலும்.

வரலாறு

காற்றடைத்த டயரின் தொடக்க நோக்கமே குலுக்கலைக் குறைப்பதாகும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அது பரவலாகவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர மிதிவண்டி கரடுமுரடான தரையில் இலகுவாக ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரைச் செய்து 1888இல் காப்புரிமை பெற்றார். பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் 6.00-16 அளவுள்ள குறுக்கிழை டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை உறுதியானவை, ஆனால் விறைப்பானவை. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது.

தமிழகச் சிற்றூர்களில் இதே மாற்றம் மாட்டு வண்டியிலும் நிகழ்ந்தது. இரும்புப் பட்டை இட்ட மரச்சக்கரத்துக்கு மாற்றாகக் காற்றடைத்த டயர் வந்தபின் அவ்வண்டி டயர் வண்டி எனப்பட்டது.

டயர் ஒரு வில்லாகச் செயற்படல்

தரையிலிருந்து வரும் அதிர்வை முதலில் வாங்குவது டயர் ஆகும். அதன்பின்னரே வில்லும் ஷாக் அப்சார்பரும் செயற்படுகின்றன. டயரில் அடைபட்ட காற்றும் ஒரு வில்லே. அது ஊர்தியின் வில்லைவிடப் பொதுவாகப் பல மடங்கு விறைப்பானது.

ஊர்தியின் மேலுடல் பொதுவாக நொடிக்கு 1 முதல் 2 முறை மேலும் கீழும் அசையும். சக்கரமும் அச்சும் சேர்ந்த கீழ்ப்பகுதி நொடிக்கு ஏறத்தாழ 10 முதல் 15 முறை அதிரும். மேடுபள்ளங்களால் வரும் பெரிய அசைவை ஊர்தியின் வில் தணிக்கிறது. சரளைக்கல், சிறு குழி, பாறை விளிம்பு போன்றவற்றால் வரும் குறுகிய அதிர்ச்சியைத் தணிப்பதில் டயருக்கே பெரும்பங்கு உண்டு. ஆகவே ஷாக் அப்சார்பரை மாற்றியும் தீராத சிறு குலுக்கலுக்குப் பலவேளை டயரே காரணமாக இருக்கும்.

சொகுசைத் தீர்மானிக்கும் கூறுகள்

பக்கச்சுவர் உயரம்: டயரில் பொறிக்கப்பட்ட அளவிலிருந்து இதனைக் கணக்கிடலாம். 2020இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை மகிந்திரா தார் 245/75 ஆர்16, 255/65 ஆர்18 ஆகிய இரு டயர் அளவுகளில் விற்கப்பட்டது. முதலாவதில் அகலம் 245 மி.மீ.; அதில் 75 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 184 மி.மீ., பக்கச்சுவர் உயரம் ஆகும். இரண்டாவதில் அது ஏறத்தாழ 166 மி.மீ. மட்டுமே. இரண்டாவது டயரின் மொத்த விட்டம் 15 மி.மீ. அளவுக்குக் கூடுதலாயினும், நசுங்கி அதிர்ச்சியை ஏற்கும் பகுதி 18 மி.மீ. குறைவு. பெரிய உலோகச் சக்கரம் தோற்றப் பொலிவு தரும். கரடுமுரடான தடத்தில் சொகுசைக் குறைக்கும்.

உள்கட்டமைப்பு: குறுக்கிழை டயரில் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்வதால் பக்கச்சுவரும் மேற்பரப்பும் ஒன்றாகவே அசையும். ரேடியல் டயரில் பக்கச்சுவர் தனித்து வளையக்கூடியது. ஆகவே அதிர்ச்சியை நன்கு ஏற்கும். நைலான் இழை டயர்கள் இரவு முழுதும் நின்றபின் தரையில் பட்ட இடம் தட்டையாகி, புறப்பட்ட முதல் சில கிலோமீட்டர்களில் தடதடக்கும் இயல்புடையவை. இலகுரக டிரக்குகளுக்குரிய தடித்த டயர்கள் கல்வெட்டுக்கும் முள்ளுக்கும் தாங்கும்; ஆனால் சுமையின்றி ஓடும்போது விறைப்பாக இருக்கும்.

மேற்பரப்பு வடிவம்: பேச்சுவழக்கில் பட்டன் எனப்படும் இப்பகுதியைக் கொண்டு டயர்கள் மூவகைப்படும்.
• எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை வகை: சிறிய, நெருக்கமான பட்டன், இரைச்சல் குறைவு, சேற்றில் பிடிப்பு குறைவு.
• ஏ.டி. எனப்படும் பொதுவகை: நடுத்தர இடைவெளி, தார்ச்சாலைக்கும் மண் தடத்துக்கும் ஏற்றது.
• எம்.டி. எனப்படும் சேற்று வகை: பெரிய, விலகிய கட்டிகள், சேற்றிலும் பாறையிலும் சிறந்த பிடிப்பு, தார்ச்சாலையில் ரீங்கார ஒலியும் அதிர்வும் மிகுதி. ஈரமான தார்ச்சாலையில் இதன் பிடிப்பு பொதுவாகக் குறைவு.

எடை: டயரின் எடை வில்லால் தாங்கப்படாத எடையைச் சேர்ந்தது. அது கூடினால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் பெருவிசையுடன் எகிறும்; அதனைக் கட்டுப்படுத்த வில்லும் ஷாக் அப்சார்பரும் திணறும்.

காற்றழுத்தம்: டயரின் விறைப்பு பெரும்பாலும் காற்றழுத்தத்துக்கேற்பக் கூடிக் குறையும். 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை 24 ஆகக் குறைப்பின் சரளைத் தடத்தில் குலுக்கல் தெளிவாகக் குறையும். ஆழ்மணலில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைப்பது வழக்கம். அதற்கும் கீழே குறைப்பின் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். நைட்ரசன் நிரப்புவதால் சொகுசில் உணரத்தக்க வேறுபாடு ஏற்படுவதில்லை. சாதாரணக் காற்றிலேயே ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரசன் உள்ளது.

புதுக்கோட்டை மாவட்டத்தில்

ஒரே மாவட்டத்துள் பலவகைத் தரை அமைந்திருப்பதற்குப் புதுக்கோட்டை நல்ல எடுத்துக்காட்டு ஆகும். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் பகுதிகளில் கருங்கற் பாறை உண்டு. உட்பகுதிகளில் செம்மண்ணும் செம்புரைக்கல் சரளையும் காணப்படுகின்றன. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்கரை மணல் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கண்மாய்க்கரைத் தடங்கள் சேறாகும்.

விராலிமலை வட்டத்தைச் சேர்ந்த ஆவூர் போன்ற ஊர்களில் ஊர்தி பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடி, வயலுக்கோ கண்மாய்க்கரைக்கோ செல்லும் கடைசிப் பகுதியில் மட்டுமே மண் தடத்தில் இறங்குகிறது. இத்தகைய பயன்பாட்டுக்கு உயர்ந்த பக்கச்சுவருடைய ஏ.டி. ரேடியல் டயர் பொருந்தும். மழைக்காலச் சில வாரங்களுக்காக எம்.டி. டயர் பொருத்தினால் ஆண்டின் எஞ்சிய நாட்களில் இரைச்சலையும் குலுக்கலையும் ஏற்க வேண்டியிருக்கும். மாறாக, நாள்தோறும் பாறைத் தடத்திலேயே ஓடும் ஊர்திக்குப் பக்கச்சுவரின் உறுதி சொகுசைவிட முதன்மையானது. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து செல்லும் ஜீப்புகள் இதற்கு எடுத்துக்காட்டு.

உடல்நலம்

மனித உடல் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை வரையிலான மேல்கீழ் அதிர்வால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. நெடுங்காலம் இத்தகைய அதிர்வுக்கு உட்படும் ஓட்டுநர்களுக்கு இடுப்புவலியும் முதுகுத்தண்டுச் சிக்கல்களும் வரும் வாய்ப்பு கூடுதல். முழுவுடல் அதிர்வை அளக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை வரையறுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பிறப்பித்த நெறிமுறை, 8 மணிநேர வேலைக்கு 0.5 மீ/நொடி² அளவைக் கடந்தால் வேலை வழங்குவோர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 1.15 மீ/நொடி² அளவைக் கடக்கக்கூடாது என்றும் கூறுகிறது. நோயாளிகளையும் கருவுற்றோரையும் மண் தடத்தில் ஏற்றிச்செல்லும் ஊர்திகளில் டயர் தேர்வு ஆடம்பரம் சார்ந்தது அன்று.

பாதுகாப்பும் சட்டமும்

மண் தடத்துக்காகக் குறைத்த காற்றைத் தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்புதல் இன்றியமையாதது. குறைந்த அழுத்தத்துடன் திருச்சிராப்பள்ளி–மதுரை நெடுஞ்சாலை போன்ற சாலையில் கோடை வெயிலில் விரைந்து சென்றால் பக்கச்சுவர் இடைவிடாது வளைந்து சூடேறி டயர் வெடிக்கக்கூடும். ஆகவே கைக்கடக்கமான காற்றடிக்கும் கருவியும் அழுத்தமானியும் உடன் வைத்திருத்தல் நன்று. அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். சாலைக்குரிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

டயரின் வயதும் கருதத்தக்கது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2321 என்பது 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பழைய ரப்பர் இறுகிச் சொகுசையும் பிடிப்பையும் இழக்கும்.

டயரின் சுற்றளவு 3 விழுக்காடு கூடினால் வேகமானி 60 கி.மீ. காட்டும்போது ஊர்தி முன்பைவிட ஏறத்தாழ 2 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும். தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறுபடும்படி ஊர்தியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆதலால் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளுக்குள் உயர்ந்த பக்கச்சுவர் உடையதைத் தேர்ந்து, தடத்துக்கேற்பக் காற்றழுத்தத்தைப் பேணுவதே சொகுசுக்குரிய எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்க
• டயர்
• ஜீப்
• மாட்டு வண்டி
• ஜான் பாய்ட் டன்லப்
• புதுக்கோட்டை மாவட்டம்