விழாக் கேக்கின் வரலாறு

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு உலர்ந்த திராட்சையும் முந்திரியும் கலந்து, சீனியைக் கருக்கி நிறமேற்றி நம் இல்லங்களில் சுடும் கேக்கை வெள்ளையர் பண்டம் என்றே எண்ணுகிறோம். வரலாறோ வேறு கூறுகின்றது.

1883-ஆம் ஆண்டு மலபாரின் தலச்சேரியில், மர்டாக் பிரவுன் என்னும் தோட்டத் துரை, இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, அதுபோலச் செய்யுமாறு மாம்பள்ளி பாப்புவைக் கேட்டார். பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்ற அந்த இந்து சகோதரர், பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்க் கொல்லாம்பழச் சாராயம் சேர்த்தார் என்பர். இந்தியாவின் முதல் கிறிஸ்மஸ் கேக் என்று போற்றப்படுவது இதுவே.

ஆகவே, அன்பார்ந்த பங்கு மக்களே, நம் சிவகாசி வட்டாரத்தில் தீபாவளிப் பலகாரம் தந்துவிடும் அண்டை வீட்டாருக்கு நாம் அளிக்கும் கேக் வெறும் கைம்மாறு அன்று; அவர்கள் கைவண்ணமே அவர்களிடம் திரும்புகின்றது.