சங்கரன்கோவில்: குழித்தறி போன கதை

சங்கரன்கோவில் என்றதும் பலருக்கு ஆடித்தபசு தான் ஞாபகம் வரும். ஆனால் நெசவுத் தெருக்களில் நடந்தால் வருடம் முழுக்கக் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். அதற்கு முன் இங்கே ஓடியது கைத்தறி.

குழித்தறியில் காலால் மிதித்து, கையால் நாடாவை ஓட்ட வேண்டும். ஒரு தறிக்கு ஓர் ஆள். அவருக்குப் பின்னால் வீடே உழைக்கும். தார் சுற்றுவது, பாவுக்குக் கஞ்சி போடுவது எல்லாம் பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும் தான். விசைத்தறிக்கோ மிதிக்கக் கால் வேண்டாம். தார் தீர்ந்தால் மாற்றணும், நூல் அறுந்தால் முடியணும். ஒரே ஆள் நான்கு தறி வரை பார்ப்பார். மற்றவர்கள்?

இங்கிலாந்தில் 1812-ல் லங்காஷயர் தொழிலாளர்கள் விசைத்தறி ஆலைக்கே தீ வைத்தார்கள். அங்கே எதிரே ஒரு முதலாளி இருந்தார். இங்கே விசைத்தறி நெசவாளர் தெருவுக்குள்ளேயே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கி இரண்டு தறி போட்டால் யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது? ஆலை மூடினால் பேப்பரில் வரும். குழித்தறி நின்றால் குழியில் மண்ணை அள்ளிப் போட்டு மூடுவார்கள், அவ்வளவுதான்!

அரசு சும்மா இருக்கவில்லை. 1985-ல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 22 ரகங்களைக் கைத்தறி மட்டுமே நெய்யலாம் என்றார்கள். வழக்குப் போட்டார்கள், 1993-ல் சட்டம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். பிறகு பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. குறிப்பிட்ட வகைச் சேலை, வேட்டி, லுங்கி இன்னும் அதில் உண்டு. ஆனால் அதே 1985-ல் வந்த ஜவுளிக் கொள்கை, விசைத்தறியும் ஆலையும் தாராளமாகப் போட்டி போடலாம் என்றது. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு கைத்தறி எப்படிப் பிழைக்கும்?

நாடு முழுக்க 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2019-20-ல் 35.22 லட்சம். போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குக் கணக்கெடுப்பில் இடமில்லை.

விசைத்தறிக்குப் போனவர்களும் நிம்மதியாக இல்லை. கூலி உயர்வு கேட்டு சங்கரன்கோவில் விசைத்தறிகள் பலமுறை வேலைநிறுத்தத்தில் நின்றிருக்கின்றன. இதற்கிடையே பெரிய ஊர்களில் ரேப்பியர் தறி வந்துவிட்டது. அதில் நாடாவே கிடையாது, தார் மாற்ற ஆளும் வேண்டாம்.