தபாற்கந்தோர்ச் சுவரில் ஒரு வழக்கு

1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அமெரிக்காவில் கோடிக்கும் மேற்பட்டோரின் வேலையைப் பறித்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு வேலைவாய்ப்புக்காகச் சிற்றூர்களிலும் தபாற்கந்தோர்களைக் கட்டியது. 1934இல் அந்நாட்டுத் திறைசேரி, ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் எனத் தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. கட்டடச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கலைக்கு ஒதுக்கப்பட்டது. 1943 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் இவ்வோவியங்கள் இடம்பெற்றன. பெரும்பாலானவை கன்வஸ் துணியில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டப்பட்டு, தபாலதிபரின் அறைக் கதவுக்கு மேலே ஒட்டப்பட்டவை.

போட்டிகளுக்கு வந்த வரைவுகள் பெயர் மறைக்கப்பட்டே மதிப்பிடப்பட்டன. இதனால் அறிமுகமில்லாத இளையோருக்கும் பெண்களுக்கும் வாய்ப்புக் கிட்டியது. நெப்ராஸ்கா மாநிலத்து ஓபேர்ன் தபாற்கந்தோரில் கோதுமை சூடடிக்கும் காட்சியை எதெல் மகஃபான் தீட்டியபோது அவருக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது.

மேய்ன் மாநிலத்தின் கரையோர ஊரான கென்னபங்க்போர்ட்டுக்கு 1941இல் ஓவியம் தீட்டியவரும் ஒரு பெண்ணே. எலிசபெத் ட்ரேசி கடற்கரையில் நீராட வந்தவர்களை வரைந்தார். ஊரவர் கொதித்தனர். தங்கள் ஊர் கப்பல் கட்டிய ஊர், மாலுமிகளின் ஊர். நீச்சலுடைக்காரரா அதன் அடையாளம் என்று கேட்டனர். எதிர்ப்பில் முன்னின்றவர்களுள் நாவலாசிரியர்கள் கென்னத் ரொபர்ட்ஸும் பூத் டார்க்கிங்டனும் இருந்தனர். 1945இல் அவ்வோவியம் அகற்றப்பட்டது. அதன் இடத்தில் கோர்டன் கிராண்ட் வரைந்த கப்பல் ஓவியம் ஏறியது.

ஊரவரின் மனக்குறையை நான் அற்பமாக எண்ணவில்லை. பொதுச்சுவரில் தம் முன்னோரின் உழைப்பைக் காண விரும்புவது நியாயமே. ஆனால், டார்க்கிங்டன் இந்தியானா மாநிலத்தவர். கோடை காலங்களைக் கழிக்கவே கென்னபங்க்போர்ட்டுக்கு வந்து பழகியவர். கோடைவாசிகள் அவ்வூரின் நிகழ்காலத்தின் ஒரு பாகம். ட்ரேசி தம் கண்ணெதிரே கண்டதை வரைந்தார். ஊர் தான் நினைவிற்கொள்ள விரும்பியதைக் கேட்டது. இரண்டுமே வரலாறுதான். ஒன்றுக்கு இடங்கொடுக்க மற்றதைக் கழற்றியதுதான் இழப்பு.

நூற்றாண்டு கொண்டாடும் எந்த நிறுவனமும் தன் சுவர்களில் எதை மாட்டுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். பெருமைக்குரிய பழையதை மாட்டுவது இலகு. அருகில் நேற்றைய, இன்றைய முகங்களுக்கும் ஓர் ஆணி அடித்து வைப்போம்.

அமெரிக்காவில் வாழும் தோழியரே, சிற்றூர் ஒன்றில் முத்திரை வாங்கப் போனால் தபாலதிபரின் கதவுக்கு மேலே ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அங்கே இன்னும் ஓர் ஓவியம் இருக்கக்கூடும்.