தேனிலவில் மூன்றாமவள்

ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவலில் ஒரு சின்ன இடம். தேனிலவுக்காக ரோம் போவதற்கு முன்பு கசாபன் தன் வருங்கால மனைவி டொரோதியாவிடம் ஒரு வருத்தத்தைச் சொல்கிறார்: உன் தங்கை சீலியாவும் வந்திருக்கலாம். தான் படிப்பில் மூழ்கியிருக்கும் நேரத்தில் அவளுக்கு ஒரு துணை வேண்டுமே என்பது அவர் கவலை. டொரோதியா புண்பட்டுப்போகிறாள். வாசிக்கிற நமக்கும் எரிச்சல்தான் வருகிறது. தேனிலவுக்கு மைத்துனியைக் கூப்பிடுகிற மனிதர்!

நாவல் வெளிவந்தது 1871-72இல். கதை நடப்பதோ 1830ஐ ஒட்டி. அந்தக் காலத்தில் கசாபன் கேட்டதில் விசித்திரம் ஏதுமில்லை. இங்கிலாந்தின் வசதியான குடும்பங்களில் மணப்பெண்ணின் தங்கையோ தோழியோ கல்யாணப் பயணத்தில் கூடப் போவது வழக்கமாக இருந்தது. திருமணத்துக்கு வர முடியாத உறவினர்களைப் போய்ப் பார்த்துவருவதும் அந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. ஜேன் ஆஸ்டினின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) நாவலில் மரியா கல்யாணம் முடிந்து பிரைட்டன் போகும்போது தங்கை ஜூலியாவும் போகிறாள். கணவனைத் தவிர வேறொரு துணை மரியாவுக்கு மிக அவசியம் என்று ஆஸ்டின் நக்கலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். (நம் ‘தேனிலவு’ ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்ததுதான். ‘இருவர் மட்டும்’ என்ற பிற்காலப் பொருளும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.)

கூடப் போன அந்தப் பெண் யார்? அவளுக்கு அந்தப் பயணம் என்னவாக இருந்தது?

1802 அக்டோபர் 4. யார்க்‌ஷயரில் பிராம்ப்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் மேரி ஹட்சின்சனும் மணம் செய்துகொண்டார்கள். தங்கை டொரோதி தேவாலயத்துக்குப் போகவில்லை. முந்தைய இரவு கல்யாண மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக்கொண்டு படுத்திருந்தவள், காலையில் அதைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தாள். அவளுடைய நாட்குறிப்பில் இதைச் சொல்லும் வரிகள் மையால் அழுத்தி அடிக்கப்பட்டிருக்கின்றன. திருமணம் முடிந்துவிட்டது என்று சேதி வந்ததும் எதையும் கேட்காமல், பார்க்காமல் படுக்கையில் கிடந்தாள். காலை உணவு முடிந்ததும் மூவரும் ஒரே வண்டியில் ஏறினார்கள். 6ஆம் தேதி மாலை கிராஸ்மியர் வீட்டை அடைந்தார்கள்.

அந்த மோதிரத்தைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையில் என்ன இருந்தது என்ற கேள்வி அவர்களை விடவே இல்லை. இதில் மேரி காணாமல் போகிறாள். அவளும் டொரோதியும் பென்ரித்தில் சிறுமிகளாக இருந்த காலத்திலிருந்தே தோழிகள். வண்டியில் ஏறியபோது மேரிக்கு வயது 32, டொரோதிக்கு 30. அவ்வளவு பழைய சிநேகிதத்தின் நடுவில்தான் ஒரு ஆண் உட்கார்ந்திருந்தான் என்றும் இந்தப் பயணத்தைப் படிக்கலாம். வழியெல்லாம் பார்த்ததை எழுதிவைத்தவள் டொரோதி. அந்த மூன்று நாட்களை நாம் பார்ப்பது அவள் கண்களால்தான். வீடு சேர்ந்த இரண்டாம் நாள் ரொட்டி சுட்டதையும், மேரியோடு வெளியே நடந்துவந்ததையும் எழுதுகிறாள். தன் சகோதரியுடன் நடந்த முதல் நடை என்று அதைக் குறிக்கிறாள். அண்ணி என்றல்ல, சகோதரி என்று.

இதை இனிப்பாக்கிவிடவும் முடியாது. டொரோதிக்கென்று வேறு வீடு இல்லை. மணமாகாத பெண்ணுக்கு அண்ணன் வீடுதான் கதி. தேனிலவு வண்டியில் கிடைத்த இடமே அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த இடமும். பிறகு பிறந்த ஐந்து குழந்தைகளை வளர்த்ததில் அவள் உழைப்பும் உண்டு.

1814 ஜூலையில் 16 வயது மேரி காட்வின், ஏற்கெனவே மணமான ஷெல்லியோடு பிரான்சுக்கு ஓடிப்போனபோது கூடப் போன கிளேருக்கும் அதே வயது. மேரியின் மாற்றாந்தாய் மகள். சட்டப்படி அது தேனிலவு அல்லதான். கிளேருக்குப் பிரெஞ்சு நன்றாக வரும், அதனால் தேவைப்பட்டாள். 1817இல் அந்தப் பயணம் புத்தகமாக வந்தபோது அவள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டாள். மேரிக்கே பின்னாட்களில் அவள் பெரும் பாரமானாள். கூட வருகிறவளின் உழைப்பு வேண்டும், அவள் வேண்டாம்.

நூற்றாண்டின் நடுவில் இந்த மூன்றாமவளை இறக்கிவிடுவதே நாகரிகம் ஆயிற்று. இதைக் காதலின் வெற்றியாகத்தான் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். உடலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லித்தராமல் வளர்த்த பெண்ணை ஒரு ஆணோடு தனியே அனுப்பிவைத்தார்கள் என்பதும் அதே மாற்றம்தான். எஃபி கிரே 1848 ஏப்ரல் 10 அன்று கலை விமர்சகர் ஜான் ரஸ்கினை மணந்தபோது அவளுக்கு வயது 19. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் தேனிலவு, இருவர் மட்டும். அங்கும் அதன் பிறகும் அவர்களுக்குள் உடலுறவு நிகழவே இல்லை. அவள் அதைத் தன் தந்தைக்கு எழுதியது 1854 மார்ச்சில். அந்த ஆண்டு ஜூலையில் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆறு ஆண்டுகளில் அவள் யாரிடம் கேட்டிருக்க முடியும், ‘எல்லோருக்கும் இப்படித்தானா’ என்று?

1849இன் கடைசியில் ரஸ்கினோடு வெனிஸ் போனபோது, எஃபி தன் தோழி சார்லட் கெரையும் அழைத்துப்போனாள். ‘வெனிஸின் கற்கள்’ நூலுக்காக ரஸ்கின் கட்டடம் கட்டடமாக அளந்துகொண்டிருந்த நேரத்தில், தோழிகள் இருவரும் ஊர் சுற்றினார்கள்.