மாவுச்சாக்கு ஆடைகள்

மாவுச்சாக்கு ஆடைகள் என்பன கோதுமை மாவு, சர்க்கரை, கால்நடைத் தீவனம் முதலியவற்றை அடைத்து விற்ற பருத்திச் சாக்குகளைப் பிரித்து, வீடுகளிலேயே தைக்கப்பட்ட உடைகள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய இவ்வழக்கம், 1930களிலும் 1940களிலும் பரவலாகி, 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறைய மறைந்தது. இங்கு சாக்கு எனக் குறிப்பிடப்படுவது சணலால் நெய்த கோணி அன்று. நெருக்கமாக நெய்த பருத்தித் துணிப்பை ஆகும். உடைகள் மட்டுமன்றித் தலையணை உறை, திரைச்சீலை, குழந்தைகளுக்கான அணையாடை, பாத்திரம் துடைக்கும் துணி, போர்வை எனப் பலவும் இச்சாக்குகளிலிருந்து செய்யப்பட்டன.

தோற்றம்

தொடக்கத்தில் அமெரிக்காவில் மாவு மரப்பீப்பாய்களிலேயே விற்கப்பட்டது. ஒரு பீப்பாய் மாவின் நிறை 196 இராத்தல். பீப்பாய்கள் கனமானவை, ஏற்றி இறக்கக் கடினமானவை. துணிப்பை மலிவானதாயினும், கையால் தைத்த மூட்டு மாவின் பாரத்தைத் தாங்கவில்லை. எலியாஸ் ஹோவ் 1846 இல் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரமும் அதன்பின் வந்த மேம்பாடுகளும் உறுதியான மூட்டுத் தையலை இயலச் செய்தன. அதன் பின்னரே பருத்திச் சாக்கு பீப்பாயின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. பழைய பீப்பாய்க் கணக்கு மட்டும் நெடுநாள் நீடித்தது. மாவுச் சாக்குகள் 98, 49 இராத்தல் என அரைப் பீப்பாய், கால் பீப்பாய் அளவுகளிலேயே வந்தன.

பண்ணை வீடுகளில் துணி அரிதான பொருளாக இருந்தது. மாவு தீர்ந்ததும் எஞ்சிய வெள்ளைத் துணியை எறிய எவருக்கும் மனம் வரவில்லை. எனவே இவ்வழக்கத்தை ஒருவர் கண்டுபிடித்தார் என்று கூற இயலாது.

சாக்கைத் துணியாக்கும் முறை

சாக்கின் பக்கமும் அடியும் சங்கிலித் தையலால் மூடப்பட்டிருந்தன. இன்று நம் ஊர் அரிசி மூட்டைகளின் வாயில் காணப்படுவதும் இத்தகைய தையலே. சரியான முனையைக் கண்டு இழுத்தால் நூல் முழுவதும் அறுபடாமல் உருவிவரும். இந்நூலும் வீணாக்கப்படவில்லை. பந்தாகச் சுற்றி வைக்கப்பட்டுப் போர்வை தைக்கவும், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே வேலைக்கும் பயன்பட்டது.

100 இராத்தல் (ஏறத்தாழ 45 கிலோகிராம்) தீவனச் சாக்கைப் பிரித்தால் சுமார் 90 சென்டிமீட்டருக்கு 110 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு துண்டு கிடைக்கும். குழந்தையின் கவுனுக்கு ஒரு சாக்குப் போதும். பெண்ணின் கவுனுக்குப் பொதுவாக மூன்று தேவைப்பட்டன. எல்லாச் சாக்குகளும் ஒரே தரமானவை அல்ல. சர்க்கரைச் சாக்கின் நெசவு நெருக்கமாகவும் மென்மையாகவும் இருந்ததால் அது கைக்குழந்தைகளின் உடைக்கும் கைக்குட்டைக்கும் ஒதுக்கப்பட்டது. தீவனச் சாக்கு சற்று முரடானது.

மிகக் கடினமான வேலை, சாக்கின்மீது அச்சிட்டிருந்த ஆலைப் பெயரையும் சின்னத்தையும் நீக்குவதாகும். எழுத்துகளின்மேல் பன்றிக் கொழுப்பைத் தடவியோ மண்ணெண்ணெயில் நனைத்தோ ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் வீட்டில் காய்ச்சிய காரச் சோப்புடன் கொதிக்கவைத்துத் தேய்த்தனர். ஒரே முறையில் மை முழுவதும் நீங்குவது அரிது. எழுத்து மறையாத துண்டுகள் உள்ளாடைக்கும் மெத்தையின் உட்புறத்துக்கும் போயின. இவ்வாறு ஆலையின் பெயரைப் பின்புறத்தில் சுமந்த உள்ளாடைகளைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் அமெரிக்க நாட்டுப்புறங்களில் ஏராளம்.

சமையலறையிலும் சாக்குத்துணிக்குப் பல வேலைகள் இருந்தன. பாலாடைக்கட்டி செய்யும்போது நீரை வடிக்கவும், பழப்பாகு வடிகட்டவும், உப்பிட்ட பன்றி இறைச்சியைச் சுற்றித் தொங்கவிடவும் அது உதவியது. 1914 ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட வேளாண் விரிவாக்கப் பணியில், மனையியல் பயிற்றுநர்கள் ஊர் ஊராகச் சென்று பண்ணைப் பெண்களுக்குத் தையலும் உணவு பதப்படுத்தலும் கற்பித்தனர். சாக்குத் தையல் பரவியதில் இவர்களுக்கும் பங்குண்டு.

அச்சிட்ட சாக்குகள்

சாக்கையே ஆடைத்துணியாக நெய்து விற்கும் எண்ணத்துக்கு ஆசா பேல்ஸ் என்பவர் 1924 இல் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு ஆலைக்கு வழங்கப்பட்டது. அந்த ஆலை 'கிங்காம் கேர்ள்' என்ற வணிகப் பெயரில், கட்டம் போட்ட துணிச் சாக்குகளில் மாவை விற்றது. பிற ஆலைகளும் விரைவில் இதைப் பின்பற்றின. பூ, கோடு, புள்ளி எனப் பல வடிவங்கள் வந்தன. வெட்டித் தைத்தால் பொம்மையாகும் சாக்குகளும் விற்பனையாயின. ஆலையின் பெயர் நீரில் நனைத்தவுடன் உரிந்துவிடும் தாளில் ஒட்டப்பட்டது. அச்சிட்ட மை பயன்பட்ட இடங்களில், அதைக் கழுவி நீக்கும் முறையும் சாக்கின்மீதே குறிக்கப்பட்டது.

தீவனம் வாங்குவது அதுவரை ஆண்களின் பொறுப்பு. அச்சிட்ட சாக்குகள் வந்தபின், எந்த நிறுவனத்தின் தீவனத்தை வாங்குவது என்பதை வீட்டிலிருந்த பெண்கள் தீர்மானிக்கத் தொடங்கினர். கவுனுக்கு ஒரே பூப்போட்ட மூன்று சாக்குகள் வேண்டும். முதற் சாக்குடன் பொருந்தும் மற்ற இரண்டும் பெரும்பாலும் அடுக்கின் அடியில் கிடக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகவும் 45 கிலோ மூட்டைகளைப் புரட்டவேண்டியிருந்தது குறித்துக் கடைக்காரர்கள் சலித்துக்கொண்டனர். ஒத்த துண்டு கிடைக்காதபோது பெண்கள் அண்டை வீட்டாருடன் சாக்குகளை மாற்றிக்கொண்டனர்.

இத்துணி இலவசமாகக் கிடைத்தது என்று கூறுவது முற்றிலும் சரியன்று. சாக்கின் விலை மாவின் விலையிலேயே அடங்கியிருந்தது. மாவோ தீவனமோ எப்படியும் வாங்கவேண்டியிருந்ததால், துணிக்கெனத் தனியே காசு எடுக்கவேண்டிய தேவை மட்டும் இல்லாமற்போயிற்று. கோழி வளர்த்த வீடுகளில் தேவைக்கு மிஞ்சிய சாக்குகளை விற்றுச் சிறு வருவாய் ஈட்டிய பெண்களும் இருந்தனர்.

பெருமந்தமும் போரும்

1929 இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தின்போது பருத்தியின் விலை இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக வீழ்ந்தது. இதனால் பருத்தி விளைவித்தவர்களே துணி வாங்க வழியின்றி நின்றனர். அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்டு என்னும் ஊரில் குத்தகைக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. 1932 இல் இவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும், அவருடைய குடும்பத்தார் கடனுக்கு ஈடாகக் கால்நடை, கருவிகள், தானியம் ஆகியவற்றை எடுத்துச் சென்றனர். இவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலை உடைகளையும் சாக்குத்துணியையும் இணைத்துத் தைத்த போர்வைகள் குளிர் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. அப்போர்வைகள் 2002 இல் ஹூஸ்டன், நியூயார்க் நகரங்களின் கலை அருங்காட்சியகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போரின்போது பொதுமக்களுக்கான துணி குறைந்தது. உணவையும் தீவனத்தையும் கொண்டுசெல்லும் சாக்குகளோ தொழில்துறைத் தேவையாகக் கருதப்பட்டமையால் தொடர்ந்து கிடைத்தன. 1942 இல் ஏறத்தாழ 30 இலட்சம் பெண்களும் குழந்தைகளும் சாக்குத்துணி உடைகளை அணிந்தனர் என மதிப்பிடப்பட்டது. இவர்கள் அனைவரும் ஏழைகள் அல்லர். சிக்கனம் அக்காலத்தில் நாட்டுக்கடமையாகவும் எண்ணப்பட்டது.

பெருமையும் வெட்கமும்

இவ்வுடைகளைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்டவற்றில் பெருமிதமே மேலோங்கி நிற்கின்றது. அணிந்தவர்களின் நினைவுகள் அவ்வளவு ஒருமித்தவை அல்ல. எல்லோரும் சாக்குத்துணி உடுத்திய ஊரில் அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. நகரப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளுக்கு அதுவே கேலிக்குக் காரணமாயிற்று. தாய்மார் ஓரங்களில் சரிகைப் பின்னலும் பட்டையும் வைத்துத் தைத்தது அழகுக்காக மட்டும் அன்று; சாக்கு என்பது தெரியாமல் மறைப்பதற்காகவுமாகும். அச்சிட்ட சாக்குகளுக்கு இருந்த வரவேற்பை இக்காரணத்தை விலக்கிப் புரிந்துகொள்ள இயலாது.

பெல்ஜியத்தில்

முதல் உலகப் போரில் செருமனியின் பிடியிலிருந்த பெல்ஜியத்துக்கு, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான நிவாரணக் குழு 1914 முதல் மாவு அனுப்பியது. பருத்தி வெடிமருந்து செய்யப் பயன்படும் என்பதால், வெற்றுச் சாக்குகள் செருமானியர் கைக்குச் செல்லாதவாறு கணக்கெடுக்கப்பட்டுத் தையற்கூடங்களுக்கும் கன்னியர் மடங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுக்கப்பட்டன. அங்கு அவை உடைகளாயின. வேறு சிலவற்றில், அமெரிக்க ஆலையின் பெயரை நீக்காமல் அதன்மேலேயே பூவேலை செய்து, நன்றிச் சொற்களையும் தைத்து அனுப்பினர். அமெரிக்கப் பெண்கள் அரும்பாடுபட்டு அழித்த எழுத்துகளைப் பெல்ஜியப் பெண்கள் பட்டு நூலால் எடுத்துக்காட்டியது கருதத்தக்கது. அயோவா மாநிலத்தின் வெஸ்ட் பிராஞ்சிலுள்ள ஹூவர் நூலகத்தில் இத்தகைய சாக்குகள் பல உள்ளன.

மறைவு

போருக்குப் பின்னர்ப் பல அடுக்குத் தாள் சாக்குகள் விலை குறைவாகவும், எலியும் பூச்சியும் அண்டாத தூய்மையான பொதி என்ற பெயருடனும் சந்தைக்கு வந்தன. கடையில் விற்கும் ஆயத்த ஆடைகளின் விலையும் குறைந்தது. பருத்தித் தொழிலினரின் தேசியப் பருத்தி மன்றம், சந்தையைத் தக்கவைக்கத் தையற் கையேடுகளை வெளியிட்டது. சாக்குத்துணித் தையற் போட்டிகளையும் ஆதரித்தது. 1959 இல் இத்தகைய போட்டி ஒன்றுக்காகக் கான்சஸ் மாநிலத்தின் கால்டுவெல் நகரைச் சேர்ந்த ஒரு பெண் தைத்த கவுன், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது.