வயருக்கு மேலே ஒரு மரம்

தேக்காவில் ஒரு பழைய கடைவீட்டில் வயரிங் மாற்றினார்கள். மேலே ஒருத்தர் தள்ள, கீழே இன்னொருத்தர் இழுக்கிறார். நெளிகிற குழாய் என்பதால் ஒவ்வொரு வளைவிலும் வயர் சிக்குகிறது. “தம்பி, மெதுவா! தோல் உரிஞ்சிடும்.”

அந்தத் தோலின் கதை இங்கேதான் ஆரம்பம். மலாய்க்காரர்கள் பராங் கத்திக்குக் கைப்பிடி செய்துவந்த கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினைச் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி கவனித்தார். 1843-ல் மாதிரிகள் லண்டன் போயின. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், தண்ணீர் புகாது. கடலடித் தந்திக் கம்பிக்கு அதைவிட நல்ல உறை அன்று கிடையாது. 1871-ல் சென்னையையும் சிங்கப்பூரையும் பினாங்கு வழியாக இணைத்த கம்பியும் அப்படிப்பட்டதுதான். ரப்பர் மாதிரி கீறிப் பால் வடித்தால் கொஞ்சம்தான் வரும். அதனால் மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு காடாகப் போனது.

தெருவுக்கு மின்விளக்கு 1906-ல் வந்தது. மின்சாரம் டிராம் கம்பெனியுடையது. அதன் மின்நிலையம் இருந்த மெக்கன்சி சாலை, தேக்காவிலிருந்து நடக்கிற தூரம். மாண்ட்கோமரி பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மரம் வெட்டியவர், கம்பி இழுத்தவர் பெயரை நான் படித்த எதிலும் காணோம்.

கீழே இருந்தவரிடம் ஊர் கேட்டேன். “மன்னார்குடி பக்கம்ணே,” என்றார், கையில் சுற்றிய வயரை விடாமல்.