இரவல் நகைச் சீமாட்டி

ஒலுவில் துறைமுக வீதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அந்தப் படம் ஒரு பழைய புத்தகக் கட்டுக்குள் மடிந்து வந்தது. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பெண்ணுருவம். கீழே ஆங்கிலத்தில் ‘ஒரு சீமாட்டி’ என்று மட்டும். பேரில்லை, ஆண்டில்லை.

ஆசைதான் முதலில் இழுத்துக்கொண்டு போனது. போர்த்துக்கேயர் துரத்திய ஏறத்தாழ 4,000 முஸ்லிம்களை 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியவன் கண்டியரசன் செனரத். அவனுடைய அரசி டோனா கத்தரீனா. நம் கரையை வாழவைத்த வீட்டின் முகம் கிடைத்துவிட்டதென்று இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தேன்: அவர் 1613இலேயே இறந்திருந்தார். அதோடு, அரசியின் படத்துக்குக் கீழே யார்தான் ‘ஒரு சீமாட்டி’ என்று போடுவார்?

‘ஒரு’ என்ற அந்தச் சொல்தான் துப்பு. ‘ஒரு பிரபு’ என்று இன்னொரு படமும் இருக்கிறது. இரண்டும் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் 1681இல் லண்டனில் வெளியிட்ட இலங்கை நூலில் உள்ளவை. நொக்ஸ் 1660இல் நமக்கு வடக்கே கொட்டியாரக் குடாவில் பிடிபட்டவர். செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கனின் கைதி. 19 ஆண்டுகளுக்குப் பிறகு ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி, ஊர் திரும்பும் கப்பலில் நினைவிலிருந்து எழுதினார். ஆக, தகட்டைச் செதுக்கியவருக்கு முன்னால் எந்தக் கண்டிப் பெண்ணும் வந்து நிற்கவில்லை. அவருக்குக் கிடைத்ததெல்லாம் நொக்ஸின் நினைவுதான்.

அந்த நினைவோ பொல்லாதது. நீலமும் சிவப்புமாய்ப் பூவேலை செய்த வெள்ளைச் சட்டை, தலையில் அலட்சியமாய்ப் போட்ட பட்டு முக்காடு, வெள்ளி ஒட்டியாணம், கொண்டையைப் பெருப்பிக்கச் சவுரி, தென்னோலைச் சுருள் செருகிப் பெருப்பித்த காதுத் துளை (அது அவருக்குப் பிடிக்கவேயில்லை), வாயில் வெற்றிலை. இத்தனை அலங்காரத்துக்கும் கால் வெறுங்கால். செருப்பு அரசனுக்கு மட்டும். வெளியே போகும்போது உடுப்பையும் நகையையும் இரவல் வாங்குவது எல்லாருக்கும் வழக்கமென்றும், அதை யாரும் மறைப்பதில்லையென்றும் எழுதுகிறார்.

இந்த இடத்தை மூத்தம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“இரவல் நகையில்லாம ஒரு கலியாணம் நடந்திரிக்கா மகன்?” என்றார். பிறகு படத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் மாதக்கணக்கில் தேடிய பெண்ணின் பேரை அவர் கேட்கவேயில்லை.

“அது சரி, இது யாருட நகை?”